மிஷின் ஸ்டாப்பிங்

எங்கள் பக்கத்துத் தமிழில் பஸ் நிற்கும் இடத்துக்கு ஸ்டாப்பிங் என்று பெயர். அரசாங்கப் பலகை பேருந்து நிறுத்தம் என்று சொல்லும். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் பஸ் ஸ்டாப் என்பார்கள். ஓமலூரில் ஏறி ஜலகண்டாபுரம் பக்கம் போகிறவர்களிடம் அப்படியெல்லாம் கேட்டால் ஒரு கணம் முழிப்பார்கள். "ஸ்டாப்பிங் எங்கீங்க?" என்று கேட்டால்தான் கை நீட்டி வழி காட்டுவார்கள். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் அலுவலகமே ஒரு நாள் ஆடிப்போயிற்று. இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை.

நான் அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அலுவலகம் சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் போகும் வழியில், ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. காலையில் பன் வேகும் வாசனை ஜன்னல் வழியாக வரும். வெறும் வயிற்றோடு அடுத்தவர் முன்னேற்றத்தைப் பற்றி யோசிக்க என்னால் முடியாது என்பதால் ஒரு பன் வாங்கிக்கொண்டுதான் மாடி ஏறுவேன். அப்பா ரயில்வேயில் இருந்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கு, வண்டி என்றால் வரும், வந்தால் நிற்கும், நின்றால் ஏறலாம் என்பதில் சந்தேகமே வந்ததில்லை.

எனக்குக் கொடுத்த வேலை ஓமலூருக்கு மேற்கே, மெயின் ரோட்டை ஒட்டி இருந்த ஒரு காலனி. ஊரார் நரிக்குறவர் காலனி என்பார்கள். அங்கே இருந்தவர்கள் தங்களுக்குள் வாக்ரி என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் வீட்டில் பேசும் மொழி எனக்கு ஒரு வார்த்தை புரியாது. என்னோடு பேசும்போது அவர்களுடைய தமிழ் என் தமிழைவிட வேகமாக ஓடும். சினிமாவில் இவர்கள் வாய்க்கு வாய் 'சாமி' என்று சொல்வதாகக் காட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு யாரும் தனி உரிமை கொண்டாட முடியாது. டவுன் பஸ் கண்டக்டர் என்னை "உள்ள போ சாமி" என்பார், காய்கறிக்காரம்மா "என்ன சாமி வேணும்" என்பார். காலனியில்தான் என்னை மேடம் என்றார்கள்.

எங்கள் இயக்குநர் சென்னைக்காரர், நல்ல மனிதர். பாசிமணி விற்கும் பெண்கள் கைக்குழந்தையோடு பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடப்பதையும், போலீஸ்காரர் வந்து லத்தியால் தரையைத் தட்டி எழுப்புவதையும் அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அதிலிருந்து அவருக்கு ஒரே எண்ணம்தான். இவர்கள் அலைவது நிற்க வேண்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்யும் தொழில் வேண்டும். அதற்குத் தையல்தான் சரி என்று முடிவு செய்து, டெல்லியில் இருந்த தலைமை அலுவலகத்தில் சொல்லி மிஷின்களும் வாங்கிவிட்டார். அடுத்தபடியாகக் காலனி வாசலில், ரோட்டோரம் இருந்த காலி இடத்தில், தையல் கூடம் ஒன்று கட்டுவதாக ஏற்பாடு.

இதைச் சொல்வதற்காக நான் முதல் முதலாகக் காலனிக்குப் போனபோது, மரியாதைக்கு, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவைத்தேன். முன்னால் நின்றவர் கொஞ்சமும் யோசிக்காமல், "ஒரு ஸ்டாப்பிங் வேணுங்க மேடம்" என்றார்.

அவரைத்தான் நான் பிறகு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். என்னைவிட மூத்தவர் என்று நான் நினைத்தேன். அவரோ என்னைத்தான் மூத்தவள் என்று நினைத்தாராம். கடைசிவரை இருவரும் வயதைச் சொல்லவில்லை. பாசிமாலை, ஊக்கு, ரப்பர் வளையல், சீப்பு, சாவிக்கொத்து என்று எல்லாம் வைத்திருப்பார். சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் அவருக்கு வழக்கமான ஓர் இடம் உண்டு. ஆடி மாதம் முழுக்க அங்கே கூட்டம் அம்மும். ஆடியில் நடக்கும் வியாபாரம்தான் அவர் வீட்டுக்கு வருஷத்தைத் தள்ளிவிடும். ஆனால் நேரத்தோடு போய் விரித்தால்தான் அந்த இடம். கொஞ்சம் தாமதித்தாலும் வேறு யாராவது பொம்மைக் கடை போட்டுவிடுவார்கள்.

"பஸ் எங்க முன்னாடியேதான் போகுதுங்க, நிக்கறதில்ல" என்றார்.

நான் நம்பவில்லை. அக்கா என்னை ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். காலனியை எட்டுவதற்கு வெகுதூரம் முன்பே ஒரு ஸ்டாப்பிங், காலனியைத் தாண்டி வெகுதூரத்தில் இன்னொன்று. நடுவில் இவர்கள். டவுன் பஸ் வந்தது. அக்கா கையைக் காட்டினார். மூட்டையைக் கண்டதும் பஸ் வேகம் எடுத்தது. எங்களைக் கடக்கும்போது டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பின்பக்கமாக ஒரு வீசு வீசினார். பின்னால் இன்னொன்று வருகிறது, அதில் ஏறிக்கொள் என்று அர்த்தம். பின்னால் ஒன்றும் வரவில்லை. ஒரு செங்கல் லாரிதான் வந்தது.

"பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைன்னு சொன்னாங்க, சந்தோசம். ஏறுனாத்தானுங்க அது!" என்றார் அக்கா. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. போய்விட்ட பஸ்ஸைப் பார்த்து இரண்டு வார்த்தை திட்டினேன். காலனிக் குழந்தைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

இயக்குநரிடம் வந்து சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். "பாவம்தாம்மா. ஆனா ஸ்டாப்பிங் வாங்கிக் குடுத்தா இன்னும் அலைவாங்களே? அலைச்சலைக் குறைக்கத்தானே நாம வந்திருக்கோம்?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருப்பதுபோல்தான் இருந்தது. மறுபடியும் காலனிக்குப் போய் அதை அக்காவிடம் சொன்னேன்.

"ஏனுங்க மேடம், உங்க சார் ஊட்டிக்குப் போனா டூருன்னு சொல்றீங்க. நான் சேலம் போனா அலைச்சலுங்களா?" என்றார். சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நாங்க போறதுக்கு வழி கேட்டமுங்க. நீங்க போகாம இருக்கறதுக்கு வழி பண்றீங்க."

இதை இயக்குநரிடம் அப்படியே போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு, ஊட்டி விஷயத்தை அவரிடம் யார் சொன்னது என்று கேட்டார்.

இதற்கிடையில் தையல் வகுப்பு தொடங்கிவிட்டது. ஜலகண்டாபுரத்திலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். நெசவுக் குடும்பம், துணி என்றால் உயிர். ரவிக்கை வெட்டக் கற்றுக் கொடுத்தார். பெண்கள் நேர்த்தையல் போடக் கற்றுக்கொண்டார்கள், அதற்கு மேல் ஒரு படி ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டார்கள். நேர்த்தையலை வைத்துக்கொண்டு அவர்கள் தைத்தது பை. சாதாரணப் பை இல்லை. தோளில் மாட்ட இரண்டு வார், பாசிமாலை சிக்காமல் தொங்கவிட உள்ளே வளையம், ஊக்குக்கு ஒரு ஜேப்பு, தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு ஜேப்பு. அக்கா தைத்த பையில் ஒரு குழந்தையை உட்காரவைத்தே கொண்டு போகலாம்.

"கழுத்து வெட்டச் சொன்னா பையத் தெச்சுட்டு வந்து நிக்கறாங்க மேடம், நான் என்ன பண்ணட்டும்?" என்று ஆசிரியை என்னிடம் புலம்பினார். ஒரே இடத்தில் உட்காரவைப்பதற்காக வாங்கிய மிஷினில் அவர்கள் ஊர் சுற்றுவதற்குப் பை தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் இதை இயக்குநரிடம் சொல்லவில்லை. பைகள் அழகாக இருந்தன.

ஆடி பிறக்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது டெல்லியிலிருந்து ஓர் அம்மா வந்தார். தையல் கூடத்துக்கு இடம் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவர் அவர்தான். அவருக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷிலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து இங்கிலீஷுக்கும் மாற்றிச் சொல்வது என் வேலை. இயக்குநர் முன்கூட்டியே பெண்களிடம், "அம்மா எது கேட்டாலும் தையலைப் பத்திச் சொல்லுங்க" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவைத்தார். "சொல்றமுங்க சார், நீங்க கவலப்படாதீங்க" என்றார் அக்கா. அன்றைக்கு அவர்கள் எல்லோரும் வியாபாரத்துக்குக் கிளம்பும் கோலத்தில், பையும் மூட்டையுமாகவே கூட்டத்துக்கு வந்திருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

வெள்ளைக் காரில் வந்து இறங்கிய அம்மாவுக்குப் பாசிமாலை போட்டார்கள். ரோட்டோரம், கூடம் கட்ட இருந்த அதே காலி இடத்தில், வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி. அவர் சிரித்த முகமாக உட்கார்ந்து, இந்தத் திட்டத்தில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் மொத்தப் பெண்களும் ஒரே குரலில், "ஸ்டாப்பிங்!" என்றார்கள்.

அம்மாவின் சிரிப்பு மறைந்தது. அந்தச் சொல்லுக்கு அவருக்கு என் உதவி தேவைப்படவில்லை. இங்கிலீஷில் அதற்கு 'நிறுத்துவது' என்றல்லவா அர்த்தம்! திட்டத்தை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். எனக்கு அது உறைக்கவில்லை. பிறந்ததிலிருந்து ஸ்டாப்பிங்கில் நின்றவளுக்கு அது இங்கிலீஷ் என்பதே மறந்துபோயிருந்தது.

ஏன் என்று கேளுங்கள் என்றார் என்னிடம். கேட்டேன்.

"நிக்கறதே இல்லீங்க. எங்களப் பாத்தா வேகமாப் போயிருது" என்றார் அக்கா.

தமிழில் எது, யார் என்று சொல்லாமலே பேச்சு ஓடும். நானும், 'அது நிற்பதில்லை, எங்களைக் கண்டால் வேகமாகப் போய்விடுகிறது' என்று உள்ளபடி மொழிபெயர்த்தேன். அம்மா தலையை மெதுவாக ஆட்டினார். உண்மைதான், நாம் இவர்களுக்காக நின்று கேட்காமல் வேகமாகத்தான் போகிறோம் என்றார். நான் இது ஏதோ பொதுவாகச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

"கையக் காட்டிக் காட்டிப் பாத்தாச்சுங்க. ஓட்டறவரு கண்டுக்கறதில்ல."

ஓட்டுகிறவர் எங்கள் கையைக் கவனிப்பதில்லை என்றேன். அம்மா திரும்பி இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

"கேட்டா, பின்னாடி வருது, பின்னாடி வருதுங்கறாரு. ஒன்னும் வர்றதில்ல."

கேட்டால் பின்னால் வரும் என்கிறார், எதுவும் வருவதில்லை என்று சொல்லி முடித்தபோது அம்மாவின் முகம் சிவந்திருந்தது. இயக்குநரிடம், இதை ஏன் எனக்கு முன்பே தெரிவிக்கவில்லை என்று கேட்டார். இயக்குநருக்கு வியர்த்துவிட்டது. என்னைப் பார்த்து, "என்னம்மா இது, என்னைப் பத்தி இப்படியெல்லாமா சொல்றாங்க?" என்றார். அந்தக் குரலைக் கேட்டபோதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. உடனே விளக்கம் சொல்லியிருக்கலாம். ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "பஸ் மேடம், பஸ்! பஸ் நிக்கறதில்லைன்னு சொல்றாங்க" என்று இரண்டு மொழியும் கலந்து கத்தினேன்.

அம்மாவுக்குப் புரிந்ததும் அவரும் சிரித்தார். இயக்குநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் வந்தது. பெண்கள் எல்லோரும் எழுந்து கையைக் காட்டினார்கள். வெள்ளைக் காரையும் நாற்காலியில் இருந்த அம்மாவையும் பார்த்த டிரைவர், யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்திருக்க வேண்டும். பிரேக்கை ஓங்கி மிதித்து நின்றார்.

அவ்வளவுதான். "நின்னுருச்சு! நின்னுருச்சு! ஏறுங்க!" என்று கத்தினார் அக்கா. மூட்டையும் பையுமாக மொத்தக் கூட்டமும் பஸ்ஸுக்குள் போய்விட்டது. ஜன்னல் வழியாக அக்கா, "மேடம், அம்மாளச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க! நாங்க வாரோம்!" என்றார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. நாற்காலியில் டெல்லி அம்மா, பக்கத்தில் இயக்குநர், நான், ஒரு நாய். வேறு யாரும் இல்லை.

அம்மா கழுத்திலிருந்த பாசிமாலையைத் தடவிக்கொண்டே ரோட்டைப் பார்த்தார். கூடம் வேண்டாம், இந்த இடத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்க ஒரு நிழற்கூடம் கட்டுங்கள் என்றார். அக்கா அதைக் கேட்க அங்கே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஆடி பிறந்தபோது நிழற்கூடமும் தயாராகிவிட்டது. சிமெண்ட் பெஞ்சு, தகரக் கூரை, எங்கள் நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில். பஸ் மட்டும் நிற்கவில்லை. முன்பு வெயிலில் நின்று பார்த்தார்கள், இப்போது நிழலில் உட்கார்ந்து பார்த்தார்கள். முதல் ஆடி வெள்ளிக்கு அக்கா தூரத்து ஸ்டாப்பிங்வரை நடந்து போய் ஏறினார். கோட்டைக்குப் போவதற்குள் அவர் இடத்தில் பலூன் கடை வந்துவிட்டது. சாயங்காலம் விற்காத மாலைகளோடு திரும்பினார். வாய் ஓயாத மனுஷி அன்றைக்கு மாலைகளை ஒவ்வொன்றாக எண்ணி மறுபடியும் பைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மறுநாளே அந்தப் பஸ்கள் நிற்கும் டிப்போவுக்குப் பெண்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நானும் கூடப் போனேன். உள்ளே இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாக்கலாம்மா" என்றார். எங்கள் ஊரில் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

"பாருங்க சார், மெதுவாப் பாருங்க. நாங்க இங்கதான் இருக்கறோம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, டிப்போ கேட்டுக்குப் பக்கத்தில் துணியை விரித்துப் பையைக் கவிழ்த்தார். கோஷம் கிடையாது, மறியல் கிடையாது. வியாபாரம்! ஷிப்ட் முடிந்து வந்த டிரைவர்களும் கண்டக்டர்களும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவருக்குச் சாவிக்கொத்து, ஒருவருக்கு மகளுக்கு வளையல். டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கும் சாமி படத்துக்குப் பாசிமாலை என்றால் எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

அந்தக் கூட்டத்தில் நம் கைவீசு டிரைவரும் வந்து குனிந்தார். எனக்கே அடையாளம் தெரிந்தது, அக்காவுக்குத் தெரியாமல் இருக்குமா? "செவப்புல மால இருக்குதுங்களா?" என்று கேட்டார். சிவப்பு மாலை அக்காவின் மடியிலேயே கிடந்தது. அக்கா முகத்தைக்கூட நிமிர்த்தாமல் கையை நீட்டி, பின்பக்கமாக ஒரு வீசு வீசினார்.

"பின்னாடி வருதுங்க."

டிப்போவே சிரித்தது. கண்டக்டர் ஒருவர் சிரித்துச் சிரித்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். டிரைவருக்கு முகம் போன போக்கு! கடைசியில் அவரும் சிரித்து, தலையைச் சொறிந்துகொண்டு, "சரி சரி, குடுங்க" என்றார். அக்கா உடனே கொடுக்கவில்லை. "எங்க குடுக்கட்டுமுங்க? எங்கூருக்கு முன்னாடி நிறுத்துவீங்கல்ல, அங்க வாங்கிக்கங்க" என்றார்.

அதிகாரி உத்தரவு போட்டாரா, சிவப்பு மாலை வேலை செய்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த வெள்ளி வருவதற்குள் பஸ் நிற்க ஆரம்பித்துவிட்டது.

ஆடி முடிவதற்குள் இயக்குநர் என்னை மறுபடியும் அனுப்பினார். தையல் வகுப்புப் படம் எடுத்து டெல்லிக்கு அனுப்ப வேண்டும். டவுன் பஸ்ஸில் போனேன். காலனி நெருங்கும்போது கண்டக்டர், "மிஷின் ஸ்டாப்பிங்லாம் முன்னாடி வாங்க!" என்று குரல் கொடுத்தார். எது மிஷின் ஸ்டாப்பிங் என்று நானும் மற்றவர்களோடு எட்டிப் பார்த்தேன். எங்கள் நிழற்கூடம்! நிறுவனத்தின் பெயரை அத்தனை பெரிதாக எழுதியிருந்தும் ஒருவரும் படிக்கவில்லை. தையல் மிஷின் வந்து இறங்கிய இடம், அதனால் மிஷின் ஸ்டாப்பிங். தையல் மட்டும் அங்கே நடக்கவில்லை. வகுப்பு நடந்த வீடு பூட்டிக் கிடந்தது. ஆசிரியையும் பெண்களோடு கோட்டைக்குப் போயிருப்பதாக எதிர்வீட்டுக் கிழவர் சொன்னார்.

திரும்ப வந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். சேலம் போகும் பஸ் வந்தது. நான் கையைக் காட்டவே இல்லை, அதுவாக வந்து நின்றது. டிரைவர் தலைக்கு மேலே சிவப்புப் பாசிமாலை ஆடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் படியில் தொங்கி, என்னைத் தாண்டிக் காலனிக்குள் பார்த்தார்.

"அக்கா வரலீங்களா?"

நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன். போய்விட்டிருப்பார் என்று நான் சொல்லும்போதே காலனிக்குள்ளிருந்து, "இருங்க! இருங்க!" என்று ஒரு சத்தம். அக்கா அந்தப் பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தலையைப் பாதி பின்னியபடி ஓடி வந்தார். கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் பட்பட்டென்று தட்டி, "ஹோல்டான்! அக்கா வருது!" என்றார். உள்ளே யாரோ நேரமாகிறது என்று முணுமுணுத்தார். டிரைவர் கண்ணாடியில் அக்கா வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை ஜன்னலுக்கு வெளியே போகவில்லை, ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

அக்கா ஏறி, எனக்கும் சேர்த்து இடம் பிடித்தார். கொஞ்ச தூரம் போனதும் இயக்குநர் போனில் வந்தார். "காலனியில எல்லாரும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஒருத்தர்கூட இல்லீங்க சார்" என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது. "எல்லாரும் போயிட்டாங்க."

"எங்கேம்மா?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார். "சார், கோட்டைக்கு வாங்க, நல்லதா ஒரு மால எடுத்து வெக்கறேன்" என்றார். "காலனிப் பக்கம் வந்தா மிஷின் ஸ்டாப்பிங்ல ஏறுங்க. இப்பல்லாம் நிக்குது."